விளக்கு எரிகிறதா?

நகராட்சியின் பழைய வண்டிக் கொட்டகைக்குள் விளக்கு சார் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. மழை வருவதா வேண்டாமா என்று வானம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. காவலாளியைச் சாப்பிடப் போகச் சொல்லிவிட்டார். ஒரு கையில் திருப்புளி, மறு கையில் சாப்பாட்டுப் பை. பையில் சாப்பாடு இல்லை. ஒரு பொருளைத் திருடிக்கொண்டு போவதற்காகக் காலியாகக் கொண்டுவந்திருந்தார்.

விளக்கு சார் என்பது டாக்சி ஓட்டுநர்கள் வைத்த பெயர். உரிமம் பெற்ற டாக்சிகளில் கேமரா இருக்கத்தான் வேண்டுமா என்று நகராட்சி மன்றம் நான்கு வருடம் பேசியது. ஒருவர் அந்தரங்கம் போச்சு என்றார், இன்னொருவர் பாதுகாப்புதான் முக்கியம் என்றார், மீதிப் பேர் டீ எப்போது வரும் என்று கதவைப் பார்த்தார்கள். கடைசியில் ‘கேமரா பொருத்தப்பட்டிருக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, மலையைப் புரட்டியவர்களைப்போலக் கைதட்டிக்கொண்டார்கள். அது படம் பிடிக்கவும் வேண்டும் என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. வந்து இறங்கியதும் அப்படிப்பட்ட சரக்குதான். கறுப்புக் கூடு, முன்னால் ஒரு வில்லை, ஓரத்தில் சிவப்பு விளக்கு, அதற்கு ஒரு பொடி பேட்டரி. மற்றபடி உள்ளே வெறும் காற்று.

அதைச் சோதித்துச் சான்று கொடுப்பது இவர் வேலை. திங்கட்கிழமை காலையில் முற்றத்தில் டாக்சிகள் வரிசையாக நிற்கும். இவர் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு அசைய மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே "விளக்கு எரியுதா?" என்று கேட்பார். எரிகிறது என்றால் முத்திரை. ஒரு மணி நேரத்தில் இருபது வண்டி தாண்டிவிடும். படிக்காத பயல்களுக்கு இதுவே அதிகம் என்பது அவருடைய எண்ணம்.

ஒருத்தி மட்டும் முத்திரை விழுந்த பிறகும் நகரவில்லை. தைலம் அக்கா என்பார்கள் அவளை. ஓயாத தலைவலி, நெற்றியில் எப்போதும் தைலம். கூட்டைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சார், உள்ளே ஒண்ணுமே இல்ல. பின்னாடி யாரு வந்து உக்கார்றாங்கன்னு எனக்குத் தெரியாது. உருப்படியா ஒண்ணு போட்டுக் குடுங்க."

"விளக்கு எரியுதுல்ல? பார்க்கிறவனுக்குப் பயம் வரும். அது போதும்."

பதினோரு வாரம் கழித்து, பின்சீட்டில் ஏறிய எவனோ அவள் கழுத்தில் கம்பியைப் போட்டு இறுக்கினான். அவனுக்கு விளக்கைப் பார்த்துப் பயம் வரவில்லை. இன்றுவரை பிடிபடவும் இல்லை.

இன்று நான்கு மணிக்கு விசாரணைக் கமிட்டி. அக்காவின் தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அது வெறும் கூடு என்று யாராவது வாயைத் திறந்து சொல்லுங்கள், மீதி நூற்று நாற்பது வண்டிகளிலும் நிஜக் கேமரா வையுங்கள். சொன்னால் விளக்கு சாரின் வேலை போகும், இரண்டு வருடத்தில் வரவேண்டிய பென்ஷனும் போகும். போலீஸ் பார்த்து முடித்து இங்கே தள்ளிவிட்ட அந்த வண்டியில் கூடே இல்லை என்று ஆகிவிட்டால் தொல்லை விட்டது. அதற்குத்தான் திருப்புளி.

வண்டி மூலையில் நின்றது. தூசி மூடிய கண்ணாடி. கதவைத் திறந்ததும் ஈரத் துணி வாடை, அதற்கு அடியில் மெல்லிசாகத் தைலம். மூன்று மாதமாகவா ஒரு வாசனை நிற்கும் என்று முணுமுணுத்தபடி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சரிவான தரை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டார். கூட்டின் மூடியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

விளக்கு எரிந்தது.

சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பேட்டரி அங்கேதான் இருந்தது.

பின்சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. ஓர் ஆள் ஏறி, வசதியாக நகர்ந்து உட்காரும் சத்தம். பிடரியில் சூடான மூச்சு பட்டது. திரும்ப வேண்டும் என்று நினைத்தார். கழுத்து திரும்பவில்லை.

தொண்டையில் மெல்லிசாக, குளிர்ச்சியாக ஏதோ ஒன்று படிந்தது.

பிறகு இறுகியது.

கையும் காலும் உதற, கண் முன்னால் அந்தச் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்து, "பாருங்க... யாராவது பாருங்க" என்று கெஞ்சினார். அங்கே யாரும் இல்லை என்பது ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் கெஞ்சினார். அவளும் கெஞ்சியிருப்பாள்.

காதோரம் தைலம் வீசியது.

"விளக்கு எரியுதுல்ல?"

பிடி விட்டது.

கூட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே ஓடி, குழாயில் முகத்தைக் கழுவினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் தாயே என்று சத்தியம்கூடச் செய்தார். ஆனால் கமிட்டி அறையின் மின்விசிறிக் காற்று பட்டதும் மனிதர் தெளிந்துவிட்டார். பேய்க்குப் பயந்ததைவிடப் பென்ஷனுக்கு அதிகம் பயந்தார். கேமராவை அந்த அம்மாவே கழற்றி எறிந்துவிட்டாள், தொந்தரவாக இருக்கிறது என்று என்னிடமே சொன்னாள் என்று நரம்பில்லாத நாக்கால் புளுகினார். செத்தவள் எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்?

அப்போது மேசைமேல் இருந்த சாப்பாட்டுப் பை சிவந்தது.

துணிக்குள்ளிருந்து வெளிச்சம். தங்கை எழுந்து வந்து பைக்குள் கையை விட்டு அந்தக் கூட்டை எடுத்தாள். மூடியைத் திறந்து எல்லார் முன்னாலும் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை.

இந்தக் கூடுகளைத் தேர்ந்தெடுத்தவர் சாட்சாத் கமிட்டித் தலைவரேதான். அவர் முகம் வெளிறி, பிறகு மெல்ல மலர்ந்தது.

"எரியுதேம்மா. அப்போ கேமரா நல்லாத்தானே இருக்கு."

"பேட்டரியே இல்ல சார். எப்படி எரியுது?"

ஒரு கணம் அறையில் எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பிறகு தலைவர் தொண்டையைக் கனைத்து, அவளை உட்காரச் சொன்னார். அவர் பதினைந்து வருடமாகக் கமிட்டியில் இருப்பவர், எதைப் பார்த்தாலும் தீர்மானமாக மாற்றத் தெரிந்தவர். கேமரா நல்ல நிலையில் உள்ளது, அதிகாரிமேல் தவறில்லை. எனினும் பொதுமக்கள் நம்பிக்கைக்காக, இனி அதிகாரி ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுநர் இருக்கையில் தாமே தனியாக அமர்ந்து, கதவை மூடி, ஐந்து நிமிடம் விளக்கைக் கவனித்துச் சான்றளிக்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. விளக்கு சார் தப்பித்தார்.

வாசலில் தங்கை அவரை நிறுத்தினாள். அழவில்லை, திட்டவில்லை. காறித் துப்பக்கூட லாயக்கில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உங்க மேல எங்க அக்கா தைலம் வாடை அடிக்குது சார். குளிச்சாலும் போகாது."

போகவில்லை. ஞாயிறு முழுக்கத் தேய்த்துக் குளித்தும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை. நல்ல வெயில். முற்றத்தில் வட்டமாக நின்ற இருபத்திரண்டு டாக்சிகள். அவற்றுக்குப் பின்னால் தெருவரை இன்னும் வண்டிகள். லீவு கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. தீர்மானத்தின் நகலை அவர் கையில் கொடுத்து, முதல் வண்டியின் ஓட்டுநர் மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். உட்கார்ந்ததும் சாத்தினார். அஞ்சு நிமிஷம் சார் என்று விரலை விரித்துக் காட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு போனை நோண்ட ஆரம்பித்தார்.

பின்சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

கண்ணாடியில் தட்டுவதற்குக் கையைத் தூக்கப் பார்த்தார். கை எழவில்லை. முன்கண்ணாடி வழியாக மற்ற இருபத்தோரு வண்டிகளும் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றும் அவரை நோக்கி.

எல்லா விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. பார்க்கத்தான் ஒருவரும் இல்லை.