முந்திக்கொண்ட விளக்கு

நடைவழி விளக்கு, அவள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே எரிந்தது.

"தரித்திரம் பிடிச்ச கோடிங்," என்றாள்.

அதை எழுதியவள் அவள் கணவரின் முதல் மனைவி. ஆள் நடமாட்டம் பார்த்து வீட்டு விளக்குகளைப் போட்டு அணைக்கிற சின்ன வெப் ஆப்; படுக்கையறை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் முனகிக்கொண்டு ஓடியது. செத்தவளைக் குறை சொல்லக் கூடாதாம். சரி, அவள் கோடிங்கைச் சொல்லலாமே! ஒரே வரியைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுப் போட்டிருந்தாள். இதற்குத்தான் இந்த மனிதர் "அவ கெட்டிக்காரி" என்று உருகினாரா?

"கிளவுடுக்கு மாத்திடறேன். இந்த டப்பா வெளிய போகட்டும்."

"அது பாட்டுக்கு ஓடட்டுமே," என்றார் அவர்.

"உங்களுக்கு என்ன தெரியும்?"

காலையிலேயே மாற்றி முடித்து, டப்பாவின் வயரையும் பிடுங்கிப் போட்டாள். இனி ஒவ்வொரு கட்டளையும் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். விளக்கு தாமதமாக எரியலாம். முந்தி எரிய வழியே இல்லை.

மழை மூட்டம் கட்டிய மத்தியானத்தின் சாம்பல் இருட்டில், ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டும் ஓசைக்கு நடுவே, ஈரத் தலைமுடியின் வாசம் ஒன்று மூக்கில் உரச, அவள் நடந்தாள். விளக்குகள் அவளுக்கு ஓரடி முன்னால் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின. நின்றாள். அடுத்த விளக்கும் எரிந்தது. அவளுக்காகக் காத்திருப்பது போல.

"ஒழுங்கா எழுதத் துப்பில்ல," என்று பல்லைக் கடித்தபடி ஹாலில் லேப்டாப்பைத் திறந்து, கிளவுடில் ஓடிய ஆப்பையே நிறுத்தினாள். திரையும் நின்றுவிட்டதாகத்தான் சொன்னது.

சமையலறை விளக்கு எரிந்தது.

பிறகு சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்த விளக்கு.

பிறகு ஹால்.

"எவடீ அது? தைரியம் இருந்தா வா!" குரல் பாதியிலேயே பிசிறியது.

தோளை ஒட்டிக் குளிர் ஒன்று கடந்தது. அவளைச் சட்டை செய்யாமல். நடைவழி. படுக்கையறை.

ஓடினாள்.

மத்தியானத் தூக்கத்தில் இருந்த கணவர் இப்போது கண் விழித்திருந்தார்.

"என்னங்க..."

அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரோரம் நகர்ந்து இடம் விட்டார்.

"வந்துட்டியா?"

அப்படி ஒரு குழைவை அவள் அவரிடம் கேட்டதே இல்லை.

மெத்தையின் காலிப் பாதி மெல்ல அமுங்கியது. அவர் கையை நீட்டி அணைத்தார். கை கீழே விழவில்லை. ஓர் இடுப்பின் உயரத்தில், வெறும் காற்றின் மேல், சுகமாகத் தங்கியது.