நல்லபெருமாள் தெருவின் அச்ச எண்

காலை ஒன்பது மணிக்குப் பலகையில் தெருவின் அச்ச எண் பத்தொன்பது என்று வந்தபோது, ஜெஸிந்தா வீட்டு மதில் பக்கத்து மனையில் தோண்டிய பள்ளத்தை நோக்கி ஒரு சாண் சாய்ந்திருந்தது.

பலகை கட்டுமான மனையின் வாசலில், போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றது. மேலே தெருவின் சராசரி. கீழே இருபத்து மூன்று வீடுகளுக்கும் தனித்தனி எண். வீட்டுக்கு ஒருவர் மணிக்கட்டில் அச்சமானி கட்டியிருந்தார்கள். நாடித் துடிப்பு, தோலின் வியர்வை, மூச்சின் நீளம் மூன்றையும் அளந்து, அந்த மனிதர் உண்மையிலேயே எவ்வளவு பயப்படுகிறார் என்று அது சொல்லும். சராசரி அறுபதைத் தாண்டினால் மனையில் உள்ள எல்லா இயந்திரங்களிலும் வேலைப்பூட்டு தானாக விழும். இருபத்தைந்துக்குக் கீழே இறங்கினால்தான் திறக்கும். அச்சமானியைக் கழற்றி வைத்தால் கடைசியாகக் காட்டிய எண்ணே முப்பது நாளைக்கு நிற்கும். வேறு ஆள் கையில் கட்டினால் அது பேசாது. மனு எழுதும் வழக்கம் ஒழிந்து பதினோரு வருஷம் ஆகிறது. மனுக் கொடுத்தவர்களும் பொய் சொன்னார்கள், விசாரிக்க வந்தவர்களும் பொய் சொன்னார்கள். உடம்பு பொய் சொல்லாது என்று சட்டம் வந்தது.

குற்றாலிங்கத்தின் வீட்டு எண் நான்கு. தெருவிலேயே அதுதான் குறைவு. எழுபத்திரண்டு வயதில் அந்த எண்ணைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது. அந்தத் தெரு அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அந்தப் பெயரைத் தாங்கிய வீட்டுக்காரன் பயந்துவிட்டான் என்று ஊர் பார்க்கும்படி எழுதிப் போட்டால் அப்புறம் என்ன மரியாதை? அவருக்கு இருந்தது கோபம். நாற்பதடி ஆழத்துக்குத் தோண்டிவிட்டு, பக்கவாட்டு மண்ணுக்கு முட்டுக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களே என்ற கோபம். முட்டுக் கொடுக்க வேண்டிய தாங்குதகடுகள் இரண்டு மாதமாக வாசலில் அடுக்கியபடி துருப்பிடித்துக்கொண்டிருந்தன. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் பொறியாளராக இருந்தவருக்கு அது கண்ணை உறுத்தியது. தினமும் ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டார். அவர் பின்னால் தெருவே போனது.

தினமும் அதே நேரத்துக்கு நயினாரும் வந்தான். நிறுவனத்தில் அவனுக்குத் தெருத் தொடர்பாளர் என்று பதவி. ஆட்களைச் சமாதானப்படுத்துவதுதான் அவன் வேலை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் அவன் வாயைத் திறந்தால் சமாதானமாக ஒரு வார்த்தை வராது. எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து, மகள் யாரோடோ போனபோது வராத ரோஷம் மண்ணுக்கு வருகிறதா என்று கேட்டான். ஜெஸிந்தாவைப் பார்த்து, புருஷன் துபாயில் இருக்கும் தைரியமா என்று கேட்டான். அன்றைக்குக் குற்றாலிங்கத்தின் முறை.

"ஒங்க அப்பா பேரு தெருவுக்கு வச்சா, தெருவே ஒங்க அப்பன் வீட்டுதாயிருமா அண்ணாச்சி?"

குற்றாலிங்கத்தின் காதுமடல் சிவந்தது. எங்க அப்பா பெயரைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. தெரு முழுக்க அவரோடு சேர்ந்து கத்தியது. நயினார் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது பதினான்காகியது. அவன் வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். பள்ளத்துக்குள் ஜேசிபி உறுமத் தொடங்கியது.

ஜெஸிந்தா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. குற்றாலிங்கம் வீட்டுப் படியேறி வந்து சொன்னாள்.

"மாமா, அவன் சும்மா வாய்க்கொழுப்புல பேசலை. இந்த மானியைத்தான் எங்க வார்டுலயும் கட்டுவோம். மனுஷனுக்குக் கோவம் வந்துட்டுன்னா பயம் இறங்கிரும். மிஷினுக்கு அது மட்டுந்தான் தெரியும். நீங்க சத்தம் போடப் போட, பில்டிங்கு பத்திரமா இருக்குன்னு அவனுக்கு நீங்களே எழுதிக் குடுக்கிய."

"அதுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுத?"

"பயப்படுங்க."

இப்படி ஒரு யோசனையை அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார். உள்ளேயிருந்து மனைவி உலகம்மாளின் குரல் வந்தது.

"மானியை என் கையில கட்டியிருந்தா வேலை என்னைக்கோ நின்னுருக்கும். எம்புட்டு நாளா நெஞ்சு அடிச்சுக்கிட்டுக் கெடக்கு, கேக்கத்தான் ஆள் இல்லை. வீட்டுக்குத் தலைவரு நீங்கள்லா."

மறுநாள் குற்றாலிங்கம் சத்தம் போடப் போகவில்லை. பள்ளத்தின் விளிம்புக்குப் போனார். பயந்து பார்க்க அல்ல, எத்தனை அடி, எவ்வளவு சரிவு என்று கண்ணால் அளந்து வைத்துக்கொண்டால் நயினாரின் வாயை அடைக்கலாம் என்றுதான் போனார். வேலியின் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தார்.

எதிர்ப்பக்க வெட்டுமுகத்தில் மேலே இருபதடிக்குச் செங்கல் துண்டும் கல்லும் மண்ணும் கலந்து கிடந்தன. அதற்குக் கீழே எண்ணெய் தடவியது போலக் கறுத்த களிமண். களிமண்ணில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். அதிலிருந்து பல் நீட்டியது போல வரிசையாக நான்கு கற்கள். படிக்கட்டு. படிகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு பம்பு இடைவிடாமல் இறைத்தும் கசிவு நிற்கவில்லை.

அந்தப் படியில் பன்னிரண்டு வயதில் உட்கார்ந்து அவர் கால் நனைத்திருக்கிறார். பிறகு லாரி லாரியாகக் கல்லும் மண்ணும் வந்ததும் தெரியும். அப்பா நல்லபெருமாள் குடை பிடித்துக்கொண்டு நின்று மேற்பார்த்ததும் தெரியும். மூடியது குளம் என்று மூளையில் ஒரு மூலையில் இருந்ததே தவிர, இருபதடி நிரப்பு மண்ணும் அதற்குக் கீழே சேறுமாக, தெருவின் ஒரு பக்கம் முழுக்க வழுக்கிக்கொண்டு வரக்கூடும் என்று அவர் ஒருநாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. இப்போது எல்லாம் வெட்டவெளியில் தெரிகிறது. யாராவது ஒருவன் அந்தப் படியைப் பார்த்து, இது என்ன என்று கேட்டால் போதும்.

வேலியைப் பிடித்துக்கொண்டார்.

பலகையில் அவர் வீட்டு எண் எண்பத்தெட்டு.

முதலில் யாரும் நம்பவில்லை. பலகை கெட்டுவிட்டது என்றார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அண்ணாச்சியே பயந்துவிட்டார் என்ற செய்தி வீடு வீடாகப் போக, ஒவ்வொரு வீட்டு எண்ணும் ஏறியது. ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்தேழில் வேலைப்பூட்டு விழுந்தது. ஜேசிபி தூக்கிய கையோடு அப்படியே நின்றது.

அன்று மாலை தெருவே அவர் வீட்டுக்கு வந்தது. வீட்டுக் கௌரவத்தையும் பார்க்காமல் எங்களுக்காகப் பயந்தீர்களே என்றார்கள். ஜெஸிந்தா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தாள். எண்பத்தெட்டில் பெரும்பாகம் யாருக்காக என்று அவருக்குத் தெரியும். வாங்கிச் சாப்பிட்டார்.

வேலைப்பூட்டுக்கு நல்ல இயந்திரம், கெட்ட இயந்திரம் என்ற பேதம் கிடையாது. ஜேசிபியோடு பம்பும் நின்றது. இரண்டாம் நாள் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். மூன்றாம் நாள் ஐப்பசி மழை சேர்ந்துகொண்டது. நான்காம் நாள் மத்தியானம் ஜெஸிந்தா வீட்டு மதில் முப்பதடி நீளத்துக்கு ஒரேயடியாகப் பள்ளத்துக்குள் போனது. தார்ச்சாலையின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு ஓடியது. தெருவின் எண் எண்பத்து நான்கு.

நயினார் ஓடி வந்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் ரத்தம் இல்லை. தாங்குதகடுகளை இறக்கினால் மண் நிற்கும், பன்னிரண்டு நாள் வேலை என்றான். ஆனால் இறக்கும் இயந்திரமும் பூட்டுக்குள்தான் இருந்தது. எண் இருபத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் திறக்கும். ஒரு தடவை பூட்டு விழுந்த மனையில் இருபத்தைந்தைத் தாண்டினாலே மறுபடி விழும் என்பதால், பன்னிரண்டு நாளும் அதைத் தாண்டாமல் இருந்தால்தான் திறந்தபடி இருக்கும். விலக்குக் கேட்டு விண்ணப்பித்தால் பதில் வர மூன்று வாரம். அதற்குள் ஆறு வீடு போய்விடும் என்று அவனே சொன்னான். பிறகு தன் தொழிலைச் செய்து பார்த்தான். எதிர்வீட்டுக்காரரிடம் மகள் கதையை எடுத்தான். அவர் மழையில் நனைந்தபடி வெறுமனே அவனைப் பார்த்தார். யாருக்கும் கோபம் வரவில்லை. பயந்தவனைத் திட்டினால் இன்னும் கொஞ்சம் பயப்படுகிறான், அவ்வளவுதான்.

குற்றாலிங்கம் வீட்டுக்குள் போய்ப் பீரோவைத் திறந்தார். உலகம்மாள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் சட்டையை மாற்றி, தலை வாரிக்கொண்டு, ஒரு பழுப்புக் காகிதத்தோடு மழை விட்ட தெருவில் வந்து நின்றார். எல்லோரையும் கூப்பிட்டார். முதுகு எப்போதும் போல நேராகவே இருந்தது.

"கேட்டுக்கிடுங்க. இந்த மனை எங்க குடும்பச் சொத்து இல்லை. இது அல்லிக்குளம். தெருவுக்குப் பொதுவான குளம். எங்க அப்பா மண்ணடிச்சு மூடி, தன் பேருக்கு மாத்தி, வித்துட்டாரு. அல்லிக்குளத் தெருன்னு இருந்த பேரையும் எடுத்தாரு, குளம்ங்குத சொல்லே யாரு வாயிலயும் வரக்கூடாதுன்னு. இந்தா, பழைய வரைபடம். அறுபது வருஷமா எங்க பீரோவில இருக்கு. போன வருஷம் மண்ணைப் பத்தி விசாரிக்க வந்தாம்லா, அவன்கிட்ட இது மேட்டு நிலம்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

ஜெஸிந்தா முன்னால் வந்தாள்.

"எங்க மதிலு விழுந்தப்போ ஒங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எம் பிள்ளை அந்த மதிலோரம்தான் விளையாடுதுன்னும் தெரியும்லா."

"தெரியும்."

"நல்லா இருங்க சார்."

மாமா என்று கூப்பிட்டவள் சார் என்றதும் அவருக்கு எங்கோ சுருக்கென்றது. அதற்குள் தெரு வெடித்துவிட்டது. அவர் அப்பாவை, தாத்தாவை, அவருக்கு முந்திய ஏழு தலைமுறையை இழுத்தார்கள். யாரோ ஏணி வைத்து ஏறித் தெருப் பெயர்ப் பலகையில் சாணி பூசினார்கள். அவர் அசையாமல் நின்றார். அவர் கண் மனை வாசலில் இருந்தது. அறுபது. நாற்பத்து மூன்று. இருபத்தெட்டு. இருபத்து மூன்று. பள்ளத்துக்குள் பம்பு இருமிவிட்டு ஓடத் தொடங்கியது.

பன்னிரண்டு நாள் அந்தக் கோபம் தணியக்கூடாது. அதனால் காலையும் மாலையும் அவர் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, எல்லோரும் பார்க்கும்படி நடந்தார். முதல் சில நாள் அது போதுமானதாக இருந்தது. ஆறாம் நாள் உலகம்மாளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஓரிரு வீட்டில் மனம் இளகியது. பாவம், வயசான மனுஷன், தானாகத்தானே வந்து சொன்னார் என்று ஒரு பேச்சு எழுந்தது. கோபம் இளகிய இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது. எண் இருபத்து நான்கைத் தொட்டது. தகடுகள் பாதிதான் இறங்கியிருந்தன.

குற்றாலிங்கம் தெரு நடுவில் நின்று உரக்கச் சொன்னார்.

"குளமா இருந்தா கொசுதான் முட்டை போட்டிருக்கும். எங்க அப்பா மூடுனதாலதான் இங்க மனுஷன் குடியிருக்கான். அதுக்கு நீங்கள்லாம் நன்றி சொல்லணும்."

ஒரு செருப்பு அவர் தோளில் பட்டு விழுந்தது. எண் பதினைந்து.

அப்பாவின் பெயரைத் தன் வாயாலேயே குப்பையில் போட்ட கோபம் அவருக்கே தாங்கவில்லை. அன்றைக்கு அவர் வீட்டு எண் பூஜ்யம்.

பதின்மூன்றாம் நாள் காலை கடைசித் தகடும் இறங்கியது. ஒரு வீடும் போகவில்லை.

ஜெஸிந்தா பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு கட்டுமானக் கண்காணிப்பகத்துக்குப் போனாள். தகடு மண்ணைத்தான் தாங்கும். சேற்றின் மேல் எழும்பும் கட்டடத்தை எது தாங்கும் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான் என்றார்கள். ஆனால் காகிதத்தில் வரும் முறையீட்டைச் சட்டப்படி வாங்க முடியாது, மண் விசாரணையும் ஊர்ப் பெரியவர் கையெழுத்தோடு முடிந்துபோனது, ஆபத்து என்றால் பலகை சொல்லுமே என்றார்கள். பலகை பதினொன்று என்றது. நகரத்திலேயே மிகப் பாதுகாப்பான மனைகளில் ஒன்று என்று அதற்கு நற்சான்று வந்தது. நான்கு மாடிக்கு இருந்த அனுமதியை நிறுவனம் ஒன்பதாக உயர்த்தி வாங்கிக்கொண்டது.

குற்றாலிங்கம் வெளியே நடப்பதை நிறுத்திப் பார்த்தார். பத்து நாள் ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. எண் ஏறவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமலே கோபப்பட அவர்கள் பழகிவிட்டார்கள். கடைசியில், கட்டடம் நான்கு மாடி எழும்பிய பிறகு, வாழ்நாளில் யார் வாசலிலும் எதற்கும் போய் நிற்காத மனிதர், ஒவ்வொரு வீடாகப் போனார். மன்னிப்புக் கேட்டார். மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, என்னை மறந்துவிட்டு அந்தக் கட்டடத்தைப் பாருங்கள் என்று கேட்டார். இருபத்தொரு வீட்டிலும் கதவு சாத்தப்பட்டது.

ஜெஸிந்தா மட்டும் கதவைத் திறந்து வைத்தபடி நின்றாள்.

"என் மேல உள்ள கோவத்தை விட்டுரு தாயி. பயப்படு. பிள்ளையள நெனைச்சுப் பயப்படு. என்னை என்ன வேணும்னாலும் செய்யி, ஒரே ஒரு நாள் எல்லாரும் பயந்தா போதும், வேலை நின்னுரும்."

"தெரியுது சார்," என்றாள் அவள். "பயப்படணும்னு எனக்கும் தெரியுது. ஒங்க மூஞ்சியைப் பாத்தா வர மாட்டேங்குதே."

கதவு மூடியது. அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். மனை வாசலில் பதினொன்று ஒன்பதாகியது. மேலே ஐந்தாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.