என் மூளை மேல் உட்கார்ந்தவர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி வந்து நின்றால் முதலில் ஏறுவது மனுஷர்கள் அல்ல. துண்டு, கூடை, சாப்பாட்டுப் பை... எல்லாம் ஜன்னல் வழியாக விழுந்து இடம் பிடிக்கும். தையல்நாயகி அன்று டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த ஸ்கேன் கவரைப் போட்டாள். அவளுடைய இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. அதை இழுத்துக்கொண்டு ஏறுவதற்குள் அவள் இடத்தில் ஒருவன் உட்கார்ந்துவிட்டான்.

“ஏங்க, எழுந்திரிங்க. என் மூளை மேல உக்காந்துக்கினு இருக்கீங்க.”

பதறி எழுந்தான். மழையில் நனைந்த சட்டை, பெரிய கண்கள்... மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், கவரில் எழுதியிருந்த நோயின் பெயரைப் படிக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அடுத்தவங்க தலைய படிக்கத்தான் டிக்கெட் எடுத்தீங்களா?”

“இல்லங்க... இந்த நோயத்தான் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கேன். மூளைக்குள்ள மைக்ரோகிளியான்னு காவக்கார செல்லுங்க இருக்குது. கிருமி வந்தா அடிக்கும், குப்பைய பொறுக்கும். இந்த நோயில அதுங்களும் மெரண்டு போயி, காக்க வேண்டிய நரம்போட உறையவே கடிச்சிடும்.”

“எங்க வூட்லயே அந்த மாதிரி ரெண்டு பேர் இருக்காங்க.”

விழுப்புரத்தை அடுத்த காணையில், வீட்டில் இருந்த அம்மாவையும் அண்ணன் சக்கரபாணியையும் சொன்னாள். தனியாகப் போகாதே, வெயிலில் நிற்காதே, வேலையை விடு... திண்டிவனத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை ஒன்றுதான் அவளுக்கு மூச்சு. அதற்கும் உலை வைக்கப் பார்த்தார்கள்.

அவன் பெயர் இனியவன். மரக்காணத்துக்காரன், விழுப்புரத்தில் வாடகை அறை, திண்டிவனத்துக் கல்லூரியில் வேலை. மூன்று மாதம் ஒரே பஸ். அந்த செல்கள் அடங்கினால் குப்பையை வாரி நரம்பு தேறவும் உதவும் என்று ஒருநாள் சொன்னான். அவள் பாதிதான் காதில் வாங்கினாள், அவன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு... இது வேறயா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பஸ் படியில் தடுமாறினாள். அந்தப் புத்திசாலி என்ன செய்தான்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவசரத்துக்கென்று அவள் கொடுத்து வைத்திருந்த நம்பரில் அண்ணனுக்குப் போன் போட்டு, தனியாக அனுப்பாதீர்கள் என்றான்.

மறுநாள் அண்ணன் அவள் பெயரில் எழுதிய ராஜினாமாக் கடிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டினான். மூன்று நாள் வீட்டில் போர். நாலாம் நாள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

அன்று மாலை கோடை மழை. திண்டிவனத்தில் நனைந்தபடி நின்றான் இனியவன்.

“தப்புதாங்க.”

“உங்கள யாரு காவலுக்கு வச்சது? நீங்களும் கடிக்கிற ரகம்தானே?”

“பயந்துட்டேங்க... உங்கள எனக்கு அவ்ளோ புடிச்சிருக்கு. அதான் மூளை வேலை செய்யல.”

கோபத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “அடங்கினா அதே செல்லு நல்லது பண்ணும்னு சொன்னீங்களே. நீங்க எப்ப அடங்குவீங்க?”

“இனிமே நீங்க கேட்டாத்தான் கை குடுப்பேன்.”

பஸ் வந்தது. பையை ஜன்னலில் போட்டுவிட்டு ஒரு கால் வைத்தாள். ஈரப் படி. மற்ற கால் அடம்பிடித்தது. திரும்பிப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அழாத குறையாக நின்றான். அசையவில்லை.

கண்டக்டர் விசில் ஊதினார்.

“கேக்கிறேன்ல... ஆயுசுக்கும் சேத்துத்தான் கேக்கிறேன். ஜல்தி கைய குடுங்க, பஸ்ஸு போயிடப் போவுது.”