மூன்று நிமிடம் நின்றால் மணிலா!

"ஐயோ...!"

அருந்ததியின் அலறலில் யட்டவத்த வீதியே திரும்பிப் பார்த்தது. மணி பகல் பன்னிரண்டு.

அவள் வீட்டு முன்னறையில் நல்லையா குப்புறக் கிடந்தார். கம்பியூட்டர் திருத்துகிறவர். பின்மண்டை பிளந்திருந்தது.

மேசையில், கீபோர்டுக்குப் பக்கத்தில், ரத்தம் ஒட்டிய ஒரு கிலோ இரும்புப் படிக்கல்!

அரை மணியில் இன்ஸ்பெக்டர் ஜமால்தீன் வந்தார். பின்னாலேயே தர்மராஜாவும் வந்து நின்றார்... கழுத்தில் டை, கையில் ஒரு தாள்.

யார் இந்த தர்மராஜா? சொல்கிறேன். லண்டன் கம்பனி ஒன்றுக்கு மாத்தளையில் அருந்ததியோடு சேர்த்து ஆறு பெண்கள் வீட்டிலிருந்தே டைப் செய்கிறார்கள். அவர்களை மேய்க்கிறவர் இவர். 2008இல் அப்படி ஒரு வேலை கிடைப்பதென்றால் சும்மாவா? ஆனால் சனியன் பிடித்த சட்டம் ஒன்று இருந்தது. வேலை நேரத்தில் கீபோர்டு மூன்று நிமிடம் சும்மா கிடந்தால் லண்டனில் சிவப்பு விளக்கு எரியும். இன்னும் ஒரே ஒரு தடவை எரிந்தால் ஆறு வேலையும் மணிலாவுக்குப் போய்விடும்!

"சேர், லண்டன் பதிவைப் பாருங்க," தாளை நீட்டினார் தர்மராஜா. "ஒம்பதுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் இவங்க கீபோர்டு மூணு நிமிஷம்கூட நிக்கல. இங்கேயேதான் இருந்திருக்காங்க!"

ஜமால்தீன் அருந்ததி பக்கம் திரும்பினார்.

"நாலடி தூரத்துல ஒரு மனுஷன் மண்டை பிளக்குது... நீங்க தட்டிக்கிட்டே இருந்தீங்களா தங்கச்சி?"

"நான் ஒண்ணும் செய்யல சேர்!"

"படிக்கல் யாருது?"

"என்னுதுதான்..."

உண்மையைச் சொன்னால் ஆறு வீட்டு அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் விலங்கு! கொலைக் கேஸில் ஒரு தமிழ்ப் பெண், அதுவும் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில்... உள்ளே போனால் எப்போது வெளியே வருவாள் என்று கடவுளுக்கே தெரியாது.

"கொண்டு போங்க சேர், இன்னும் என்ன யோசனை?" தர்மராஜா அவசரப்பட்டார்.

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். அருந்ததி உடைந்தாள்.

"நான் வீட்டுலயே இல்ல சேர்! ஒங்க ஸ்டேஷன்லதான் நின்னேன்!"

"என்னது...?"

"வீட்டு ஆளுங்க பேர் பதியணும்னு கூப்பிட்டாங்கல்ல? ஒம்பதரைலேர்ந்து கியூ. கீபோர்டு நின்னா வேலை போயிருமே! 'கே' எழுத்து மேல ஒரு அழிரப்பர், அதுக்கு மேல படிக்கல். கதவுல தாழ்ப்பாள மட்டும் போட்டுட்டு ஓடினேன். அது பாட்டுக்கு ஓடும், சாயந்தரம் அழிச்சிட்டு ஒழுங்காத் தட்டலாம்னு... வந்து பாத்தா இவர் கிடக்காரு! பதறிப்போய் கல்லை எடுத்துட்டேன்..."

"ஏமாத்து வேலை!" துள்ளினார் தர்மராஜா. "ஆறு பேருக்கும் வேலை போச்சு!"

ஜமால்தீன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். மற்ற ஐந்து பெண்களின் வீடுகளுக்கும் போட்டார். பிறகு திரையை மெதுவாக உருட்டினார்.

பக்கம் பக்கமாக 'கே'. நடுவில் சட்டென்று மாறி... எல்லாம் 'எம்'!

"கல்லை எடுத்து அடிச்சவன் திரும்ப வச்சிருக்கான், வேற எழுத்து மேல." அவர் விரல் லண்டன் தாளில் ஓடியது. "பதினொன்னு நாப்பதுக்கு நிக்குது. ரெண்டே நிமிஷத்துல மறுபடி ஓடுது. தங்கச்சி எங்க புத்தகத்துல கையெழுத்து வச்சதும் அதே பதினொன்னு நாப்பது! கள்ளன்னா கல்லைப் போட்டுட்டு ஓடுவான். மூணு நிமிஷக் கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"அது... மத்த பொம்பளைங்களுக்கும் தெரியும்!"

"அஞ்சு பேரும் வீட்டுல தட்டிக்கிட்டிருந்தாங்க, சாட்சி இருக்கு. எங்க இருந்தாருன்னு லண்டன் பதிவுல இல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான் மிஸ்டர் தர்மராஜா!"

தர்மராஜா வாசலுக்குப் பாய்ந்தார். கான்ஸ்டபிளின் கால் குறுக்கே நீண்டது. தொப்!

"என் கம்பியூட்டரைத் திருத்த வந்த இடத்துல அவன் என் கடிதத்தைப் படிச்சிட்டான்!" தரையிலிருந்தே கத்தினார். "வேலையை மணிலாவுக்கு மாத்தச் சொன்னதே நான்தான்! அங்க எனக்கு மேனேஜர் பதவி... அதை இவகிட்டச் சொல்ல வந்தான். பின்னாலயே வந்தேன்... பழி இவ மேல விழட்டும்னுதான் கல்லைத் திரும்ப வச்சேன்!"

"அடப் பாவி!" என்றாள் அருந்ததி. ஆறு பேரை இத்தனை நாள் மிரட்டிய மணிலாவே இவன்தானா!

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று அடித்தது. லண்டன் கணக்கில் சாப்பாட்டு நேரம் முடிந்தது. கீபோர்டு சும்மா கிடந்தது.

ஒரு நிமிடம்... இரண்டு...

அருந்ததியின் விரல்கள் உதறின. ஒரு எழுத்துகூடத் தட்ட முடியவில்லை.

ஜமால்தீன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினார்.

"சேர்... நீங்களா?"

"நடுக்கம் நிக்கிற வரைக்கும்தான். சீக்கிரம் வாங்க தங்கச்சி... என் வேகத்தைப் பாத்தா லண்டன்காரன் வேலையை மணிலாவுக்கு இல்ல, சந்திரனுக்கே மாத்திருவான்!"