எதிர்க் கைப்பிடி

கொட்டகைக் கதவு பாதி திறந்து மக்கர் செய்தது. மீதிப் பாதிக்கு மெக்கானிக்கும் அவன் மச்சானும் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. உள்ளே மழை ஈரமும் பழைய கிரீஸும் கலந்த வாடை. மூலையில், பின்பக்கம் சுவரை ஒட்டியபடி அந்தக் கார் நின்றது.

"இதுக்குத்தானா மாமா ஒரு மாசமா தூக்கம் வராம உருண்டீங்க?" என்றான் மச்சான். "எங்க அக்காவைப் பொண்ணு பார்க்க வந்தப்பகூட உங்க மூஞ்சி இப்படி மின்னல."

"வாயை மூடிட்டு பானெட்டைத் தூக்கு."

கொட்டகைக்குச் சொந்தமான வீட்டுப் பெண் குடையோடு வாசலிலேயே நின்றுகொண்டாள். கொட்டகைக்குள் ஓர் அடிகூட வைக்கவில்லை. "தானே ஓடி வெளிய வந்தா கார் உங்களுக்கு. கட்டி இழுக்கற கதைன்னா பழைய இரும்புக்காரனே இழுத்துட்டுப் போகட்டும். அப்பா கடைசியா சொன்னது அதுதான். நாளைக்குக் காலையில கொட்டகையை இடிக்கிறாங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவளுடைய அப்பா தன் கையாலேயே செய்த இன்ஜின் அது. மற்ற இன்ஜின்களில் சிலிண்டருக்கு ஒரு பிஸ்டன், மேலே ஒரு மூடி. இதில் மூடியே கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள். சண்டைக்கு நிற்கும் புருஷன் பெண்டாட்டி போல எதிரெதிரே பாய்ந்து, மூக்கோடு மூக்கு உரசும் நேரத்தில் நடுவில் நெருப்புப் பற்றி, விலகி ஓடும். இப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் மெக்கானிக்கின் பல வருடக் கனவு.

ஆனால் அந்த மனுஷர் ஒரு விசித்திரம் செய்து வைத்திருந்தார். காரின் மூக்கில் ஒரு கைப்பிடி, வாலில் ஒரு கைப்பிடி. முன்கைப்பிடி ஒரு வரிசைப் பிஸ்டன்களை மட்டும் தள்ளும்; பின்கைப்பிடி எதிர் வரிசையை. இன்ஜின் பற்றிக்கொண்ட பிறகுதான் இரண்டையும் சங்கிலி இணைக்கும். அதுவரை இரண்டு பேர், ஒரே மூச்சில், ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒருவர் தனியாகச் சுற்றினால் காற்றைக் கடைவதுதான் மிச்சம்.

மச்சான் காருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்தான். முன்னால் நின்ற மெக்கானிக்கின் பார்வையிலிருந்து அவனைக் காரின் கூரை மறைத்தது. குரல் மட்டும்தான் போகும்.

"சுத்து!"

ஒன்றும் இல்லை.

மெக்கானிக் பெட்ரோல் குழாயை ஊதிப் பார்த்தான். பிளக்குகளைத் துடைத்தான். பொறி நீலமாக அழகாகத்தான் தெறித்தது. எல்லாம் சரி, இன்ஜின் மட்டும் கல்லு மாதிரி.

"சுத்து! நீ பின்தங்குற. கேக்குதா? என்கூட வா!"

"நான் பின்தங்கல, நீங்கதான் ஓடுறீங்க!"

மதியம் கரைந்தது. உள்ளங்கையில் கொப்புளம் எழுந்து உடைந்தது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. ஒரே ஒரு தடவை, இருமலைப் போல, இன்ஜின் லேசாகக் கனைத்தது. அதுவும் ஏமாற்றத்தான்.

"மாட்டுக்குக்கூட ஒரு தடவை சொன்னா புரியும்," என்று கத்தினான் மெக்கானிக்.

பின்னாலிருந்து பதில் வரவில்லை. கோபித்துக்கொண்டானாக்கும். கோபித்துக்கொள்ளட்டும். பானெட்டுக்குள் தலையை விட்டு கார்புரேட்டர் ஊசியைத் திருகிக்கொண்டே இருந்தான். மழை தகரக் கூரையில் சத்தமாக இறங்கியது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

நிமிர்ந்து கைப்பிடியைப் பிடித்தான். "கடைசித் தடவை. சுத்து!"

கைப்பிடி கனத்தது.

அவன் இத்தனை நேரம் ஏங்கிய கனம். எதிர்ப் பிஸ்டன் சரியான கணத்தில் வந்து, நடுவில் காற்றை இறுக்கிப் பிடிக்கும் கனம். பின்னால் கைப்பிடி கிறீச்சிட்டது. அவன் வேகம் கூட்டினால் அதுவும் கூடியது. அவன் தயங்கினால் அதுவும் தயங்கியது. வருடக்கணக்காகப் பழகிய கை போல.

"அப்படித்தான்! இதைக் காலையிலேயே செஞ்சிருக்கக் கூடாதா?"

"யார்கிட்ட மாமா பேசுறீங்க?"

குரல் வாசலிலிருந்து வந்தது.

மச்சான் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தான், கையில் டீ டம்ளர். பக்கத்தில் வீட்டுக்காரப் பெண்.

பின்னால் கைப்பிடி இன்னும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"அது... அம்மாவோட பக்கம்," என்றாள் அந்தப் பெண், காற்றுக்கும் கேட்காத குரலில். "அங்கதான் விழுந்து செத்தாங்க. அப்பாவுக்கு இங்கேருந்து தெரியல. சுத்து சுத்துன்னு கத்திட்டே இருந்தார். விழுந்த பிறகும் கைப்பிடி சுத்துச்சுன்னு சொல்வார். நாங்க யாரும் நம்பல."

"மாமா, கையை எடுங்க. போயிடலாம்."

கையை எடுத்துவிட வேண்டும் என்று மெக்கானிக்குக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் கனம் உள்ளங்கையில் இருந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று. நாளைக்குக் காலையில் எல்லாம் பழைய இரும்பு.

அவன் வாயைத் திறந்தான்.

"சுத்து!"

இன்ஜின் பற்றிக்கொண்டது.

கொட்டகை முழுக்க நீலப் புகை. தகரம் அதிர்ந்தது. இதுவரை எந்த இன்ஜினிலும் கேட்டிராத உறுமல். டீ டம்ளர் தரையில் உருண்டது. மெக்கானிக் சிரித்தான், அழுதான், ஏறி உட்கார்ந்து காரைத் தானே ஓட்டி வெளியே வந்தான். வாலில் கைப்பிடி அசையாமல் தொங்கியது. அந்தப் பெண் கதவைப் பிடித்தபடி வழிவிட்டு ஒதுங்கினாள்.

மச்சான் காரில் ஏற மறுத்துவிட்டான். தன் பைக்கில், காரை விட்டு விலகியே பின்னால் வந்தான்.

வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தபோது இன்னும் முழுதாக இருட்டவில்லை. சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தாள். கைகள் இரண்டிலும் அரிசி மாவு.

"என்னாச்சுக்கா?" என்றான் பைக்கை நிறுத்திய மச்சான்.

"தெரியலடா. மாவு சலிச்சுட்டிருந்தேன். திடீர்னு கை தோளோட கழண்டு போற மாதிரி ஒரு வலி. கூடவே இவர் குரல். பக்கத்துல நின்னு கத்தின மாதிரி."

"நான் என்ன சொன்னேன்?" என்றான் மெக்கானிக்.

அவள் காரை முன்பே பார்த்துப் பழகியவள் போல அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கூரை அவளை மறைத்தது.

கிறீச்.

"அக்கா! அதைத் தொடாதே!"

காருக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. அவள் குரல்தான். ஆனால் அந்தக் கைப்பிடியோடு பல வருடம் நின்றே களைத்துப்போன குரல்.

"ம்... சொல்லுங்க."