ஐந்தாவது வாரத்துச் சத்தங்கள்

ஜூன் 11, செவ்வாய். ஒரு சின்னத் தவறு. வகுப்புக்குக் கிளம்பும்போது நாய்க்குட்டிகளுக்குச் சத்தப் பயிற்சியின் ஒலிப்பதிவை ஓடவிட்டதாக நினைத்தேன்; பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். கருவி எதையும் ஒலிக்கவில்லை. இரண்டு மணி நேரம் அறையைப் பதிவு செய்திருக்கிறது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் வீண்.

எழுதிவிட்டு எலெரி பேனாவை மூடினாள். மறுபடி திறந்தாள். துண்டைப் பற்றியும் எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. கார்டிகன் நகரத்து மாலை வகுப்பிலிருந்து அவள் திரும்பியபோது, பின்வாசல் குழாயருகே தொங்கிய துண்டு ஈரமாக இருந்தது. கதவில் மாட்டிய தாளில் புதுப்பெயர் ஏதுமில்லை. போன செவ்வாயும் இப்படித்தான். கிளம்பும் அவசரத்தில் தானே துடைத்திருக்கலாம். உறுதியில்லாததை நோட்டில் எழுதக்கூடாது என்று விட்டுவிட்டாள்.

கதவு பூட்டப்படுவதில்லை. அது அவள் வகுத்த முறை. கோர்கி நாய்க்குட்டி மூன்றாவது வாரத்திலிருந்து எதையெல்லாம் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதற்கு ஆயுளுக்கும் பயப்படாது. அதனால் எட்டு வாரத்துக்குள் நூறு பேர் ஒவ்வொரு குட்டியையும் தூக்க வேண்டும்: தாடிக்காரர், தடி ஊன்றுபவர், தொப்பி போட்டவர், குழந்தைகள். கடைப் பலகையில் அவளே சீட்டு ஒட்டியிருந்தாள். "கதவு திறந்திருக்கும். பூட்ஸைக் கழற்றி, கையைக் கழுவி, தாளில் பெயர் எழுதிவிட்டு வாருங்கள்." ப்ரெசெலிக் குன்றடிக் கிராமத்தில் யாரும் அதை விநோதமாக நினைக்கவில்லை. ஒன்றரை வாரத்தில் அறுபது பேர் வந்திருந்தார்கள்.

புதன் மதியம் கடையில் எம்லின் நின்றிருந்தார். அடுத்த பண்ணைக்காரர். நாற்பது வருடமாகக் கோர்கி வளர்த்தவர்.

"என்ன எலெரி கண்ணு, நூறு பேர் ஆச்சா?"

"அறுபதுதான் எம்லின். நீங்க இன்னும் வரவே இல்லயே."

"நான் எதுக்கு? எங்கிட்ட ஆட்டு நாத்தம் அடிக்கும். குவெண்டா ஊர்ல இருந்தா அனுப்பியிருப்பேன். அவ ஒருத்தி போடுற சத்தம் நாலு பேருக்குச் சமம்."

கடைக்காரி சிரித்தாள். எலெரியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

அவர் மனைவி குவெண்டா மார்ச்சில் ஸ்வான்சிக்குத் தங்கை வீட்டுக்குப் போனதாக ஊரில் சொன்னார்கள்; திரும்பவில்லை. எலெரிக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்தது. போன இலையுதிர் காலத்தில் குட்டிகளின் தாய் மெல்லை எம்லினின் ஆண் நாய் ப்ரினோடு சேர்ப்பதாகப் பேச்சு. முதுமையில் பின்னங்கால்களை முடக்கும் நோய்க்கு இரண்டு நாய்களையும் சோதிக்க வேண்டும் என்றாள் எலெரி. "என் கண்ணுதான் சோதனை" என்றார் எம்லின். குவெண்டா அவருக்குத் தெரியாமல் ப்ரினின் உட்கன்னத்தைப் பஞ்சால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு மோசம். எலெரி மெல்லை வேறு ஊர் நாயிடம் கொண்டுபோனாள். காரணம் கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னாள். அதன்பின் ப்ரினை ஒருவரும் தேடி வரவில்லை. ஒரு காலையில் எம்லின் அதைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார், மண்வெட்டியோடு. வயல் தாண்டி எலெரிக்குக் கேட்டது. மூன்று அடிகள். முதல் இரண்டுக்கு மட்டும் நாய் கத்தியது.

மாலை ஐந்தரைக்குத் தவறவிட்ட பயிற்சியைத் தொடங்கினாள். ஜூன் வெயில் அறைக்குள் சாய்ந்து விழுந்தது. மரத்தூளும் பாலும் குட்டிகளின் வயிற்றுச்சூடும் கலந்த அந்த இனிய வாடை எழுந்தது. கழுத்தில் ஐந்து நிறப் பட்டைகளோடு ஐந்து குட்டிகளும் குட்டைக்கால்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உருண்டுகொண்டிருந்தன. அவள் முறை எளிது. ஒரு சத்தம், உடனே ஒரு கரண்டி கொத்துக்கறி, எப்போதும் ஜன்னல் மூலையில். சத்தம் வந்தால் நல்லது வரும் என்று குட்டி கற்றுக்கொள்ளும்.

நேற்று என்னதான் பதிவானது? அழிப்பதற்குமுன் கேட்டுவிடலாம் என்று பொத்தானை அழுத்தினாள்.

அவளுடைய கார் கிளம்பும் ஓசை. நீண்ட மௌனம், குட்டிகளின் மூச்சு, எங்கோ ஆடுகள். பிறகு தாழ்ப்பாள். பூட்ஸ் ஒன்று தரையில் வைக்கப்பட்டது, பிறகு மற்றது. குழாய் திறந்தது. யாரோ நிதானமாக, விரல் விரலாக, அவள் சீட்டில் எழுதியபடியே கை கழுவினார்கள். மெல் குரைக்கவில்லை. வால் தரையில் தட்டும் சத்தம் கேட்டது, பழகியவர்களுக்கு அது தட்டுகிற விதத்தில்.

பிறகு இன்னொரு கருவியின் கரகரப்பு.

ஒரு பெண் அலறினாள்.

முதலில் நரி என்றுதான் எலெரி நினைத்தாள். அதற்குள் அந்தக் குரல் சொற்களாக உடைந்தது. "வேணாம் எம்லின்... ஐயோ, வேணாம், நான் செஞ்சது தப்புதான்..." கனமான ஓர் அடி. குரல் உயர்ந்தது. இன்னோர் அடி. குவெண்டாவின் குரல். தேவாலயத்தில் எல்லோருக்கும் மேலே கேட்கும் குரல். மூன்றாவது அடி. அதற்குப்பின் குரல் இல்லை.

தகரத்தில் கரண்டி மூன்று முறை தட்டியது.

எலெரி குனிந்து பார்த்தாள்.

ஐந்து குட்டிகளும் விளையாட்டை விட்டிருந்தன. ஓடின. ஜன்னல் மூலைக்கு அல்ல. அவள் ஒருநாளும் தீனி வைக்காத அடுப்பு மூலைக்கு. அங்கே வரிசையாக உட்கார்ந்து மூக்கைத் தூக்கின. சிவப்புப் பட்டைக் குட்டியின் நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கியது. மெல்லின் வாயிலிருந்து எச்சில் வழிந்தது.

கருவிக்குள் எம்லினின் குரல், கொஞ்சலாக. "நல்ல பிள்ளைங்க. ஒருத்தரும் நடுங்கலயே. நாளைக்கு நேர்லயே கேக்கலாம்."

மறுபடி குழாய் ஓடும் சத்தம்.

அவள் கருவியை நிறுத்தினாள்.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

செல்போன் சமையலறையில் இருந்தது, குழாயைத் தாண்டி. முன்கதவு அலமாரிக்குப் பின்னால். குளிருக்கு அவளே அடைத்தது. அவள் எழுந்து நிற்பதற்குள் நீர் நின்றது. துண்டின் உரசல். காலுறை மட்டும் போட்ட பாதங்கள்.

எம்லின் வாசலில் நின்றார். சட்டைக்கையைச் சுருட்டியிருந்தார். ஒரு கையில் தகர டப்பா. மறுகையில் மண்வெட்டி, அதுவும் கழுவப்பட்டு ஈரமாக.

"கடையில ஏன் வரலன்னு கேட்டியே கண்ணு."

"எம்லின், குட்டிங்க இருக்கு. ப்ளீஸ். குட்டிங்க முன்னாடி வேணாம்."

"அதான் எனக்கும் கவலை." அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது. "இந்த வயசுல ஒருதடவை மிரண்டா ஆயுசுக்கும் மிரளும். அதான் மூணாவது வாரத்துல இருந்தே பழக்கினேன். சின்னச் சத்தமா ஆரம்பிச்சு, கொஞ்சங்கொஞ்சமா. நீ உன் நோட்டுல எழுதி வச்சிருக்கிற மாதிரியேதான்."

அடுப்பின்மேல் இருந்த, ரொட்டி சுடும் இரும்புக் கல்லை அவள் பிடுங்கி வீசினாள். அது அவர் காதைக் கிழித்துச் சுவரில் மோதியது. இரத்தம் தாடியில் இறங்கியது. அவர் டப்பாவைக் கவனமாகக் கீழே வைத்தார்.

அவள் பாய்ந்தாள். அவர் வயிற்றில் தோளால் இடித்தாள். வாசல் இரண்டடிதான். முழங்காலில் மண்வெட்டி இறங்கியது. எலும்பு உடைந்தது அவளுக்கு வலியாக வருவதற்குமுன் சத்தமாக வந்தது.

"மெல்! மெல்!"

மெல் வாலாட்டியது.

அவள் தரையில் ஊர்ந்தாள். நகங்கள் பலகையில் பிறாண்டின. அலறினாள். இத்தனை பெரிய குரல் தனக்கு இருந்தது அவளுக்கே தெரியாது.

அந்தச் சத்தத்துக்குக் குட்டிகள் திரும்பின.

காதுகள் நிமிர்ந்தன. ஐந்தும் எழுந்தன. அவளை நோக்கி அல்ல. அவள் முதுகையும் விரல்களையும் மிதித்துக்கொண்டு, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, டப்பா இருந்த இடத்துக்கு ஓடி வரிசையாக உட்கார்ந்தன. ஒன்றும் நடுங்கவில்லை. சிவப்புப் பட்டை அவள் முகத்தைப் பார்த்தது. அவள் மறுபடி அலறட்டும் என்று ஆசையோடு காத்திருந்தது.

அடி.

அடி.

அடி.

தகரத்தில் கரண்டி தட்டியது.

ஜூன் 12, புதன். நேரடிச் சத்தம், இருபது நிமிடம். ஐந்து குட்டிகளும் மிரளவில்லை. சிவப்பு முதலில் வந்தது. தாய் அமைதி. தூக்கியவர் எண்ணிக்கை: அறுபத்தொன்று. கையெழுத்து மாறியிருப்பதற்கு மன்னிக்கவும்.

நாளை, வியாழன்: தரையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்து, நகம் வெட்ட வேண்டும்.