ஒன்பதாம் தொட்டிக்குத் தீவனம்

கன்ட்ரோல் ரூம் தரையில் பதித்திருந்த சாக்கடைச் சல்லடை ஈரமாக இருந்தது. இறால் குஞ்சுப் பொரிப்பகம் மூடி வருஷக்கணக்காகிறது. குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிரவின்குமார் காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டான்.

திருவிடந்தைக் கடலோரத்து அந்தக் கட்டடத்தை வாங்கப்போகிறவர்கள், அதன் மோட்டார், விளக்கு, கதவு எல்லாவற்றையும் இயக்கும் பழைய புரோகிராமுக்கு விளக்கக் கையேடு கேட்டிருந்தார்கள். நாளைக்குள் கொடுத்தால் அவனுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திருப்போரூரில் அப்பாவின் ஜெராக்ஸ் கடை.

புரோகிராமை எழுதிய மகான் விளக்கக் குறிப்பை ஆடம்பரமாக நினைத்தவர். மொத்தத்துக்கும் ஒரே குறிப்பு, தலையில் பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே வரிகள் எச்சில் இலைகளாகக் குவிந்து கிடந்தன. படிக்கும்போது அடுத்தவன் பல் துலக்கிய பிரஷ்ஷை வாயில் வைத்த மாதிரி குமட்டியது. எனவே தொழிலில் எல்லோரும் செய்வதையே செய்தான்: உள்ளே படிக்காமல், ஒவ்வொரு பகுதியின் பெயரைப் பார்த்து விளக்கம் எழுதி, கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டி, திரையைப் படமெடுத்து ஒட்டினான்.

எட்டுத் தொட்டிகளுக்குத் தீவனம் போடும் பகுதிகளும் ஓடின. வெளியே காலித் தீவனப் பெட்டிகள் குலுங்கி அடங்கின. ஒவ்வொரு முறையும் நாற்றம் கூடியது. அழுகிய இறால் தலையும் ஊறிய சாக்கும் கலந்த அந்த வாடை தொண்டையில் எண்ணெய்ப் படலமாக ஒட்ட, சல்லடைக்கு அடியில் யாரோ இறால் தலையை வாயில் வைத்து, நிதானமாக, ருசித்து உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அடுத்தது, தொட்டி ஒன்பது.

வாட்ச்மேன் கருப்பனைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"எட்டு தொட்டிதான் சார் கீது. ஒம்போதாவது இன்னா, உன் பொட்டிக்குள்ள கீதா?"

"நாத்தம் கொடலப் புடுங்குது அண்ணாத்த."

"கடலாண்ட மல்லிப்பூ வாசனையா வரும்? நான் டீ குட்சினு வரேன்."

செங்கல்பட்டு ஆபீசிலிருந்த மேலதிகாரி ரோகிணிக்குப் போன் போட்டான். "இத மட்டும் படிச்சுப் பாத்துடவா மேடம்?"

"படிச்சா பொங்கலுக்குத்தான் முடிப்ப. பேர் இருக்குல்ல? ஓட்டு, ஒட்டு, அனுப்பு."

ஓட்டினான்.

திரையில் ஒரு வரி வந்தது. கதவைப் பூட்டு.

பின்னால் 'டக்'கென்றது. ஓடிப்போய் இழுத்தான். அசையவில்லை.

விளக்கை அணை.

ஜன்னலில்லாத அறை. திரை வெளிச்சம் மட்டும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். நிறுத்துவதற்கு யாரும் வழி எழுதியிருக்கவில்லை.

சல்லடையைத் திற.

இரும்பு உரசியது. நூல் போன்ற மீசைகள் வெளியே வந்தன. வெளுத்தவை. ஈரமானவை. தரையைத் தடவின. நாற்காலியைத் தடவின. கணுக்காலில் ஏறின. எச்சிலின் வெதுவெதுப்பு.

தீவனம் உள்ளதா, பார்.

வாயை இறுக மூடினான். ஒரு மீசை உதட்டின் இடுக்கைக் கண்டுபிடித்தது. நுழைந்தது. பல் பல்லாகத் தடவியது.

கீழே, சல்லடை இருந்த இடத்தில், தோலுரித்த இறாலின் நிறத்தில் ஒரு வாய் விரிந்தது.

உள்ளே மனிதப் பற்கள். வரிசை வரிசையாக.

ஒன்றின் சொத்தையில் பல் டாக்டர் அடைத்த வெள்ளி.